குடும்ப ஜீவியம்: இருவராய்ப் பிரயாணப்படும் காலம்



"எல்லாம் ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்." பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும், எல்லைக்கு இப்பாலுள்ள களியக்காவிளைப் பகுதியிலும் இருந்து பிழைப்பு தேடிப் பட்டணம் சென்ற நம் குடும்பங்களில் இந்தச் சொல் எத்தனை ஆண்டுகளாக ஒலித்துக்கொண்டிருக்கிறது! முதலில் பிள்ளைகளின் படிப்பு. பிறகு ஊரில் வாங்கிய பத்து சென்ட் நிலத்தில் ஒரு வீடு. அதன் பிறகு மகளின் திருமணம். அதற்கும் பிறகு வீட்டுக் கடன். கணவன் மும்பையிலும் மனைவி ஊரிலுமாகப் பதினைந்து, இருபது ஆண்டுகளைக் கழித்த தம்பதிகள் நம்மிடையே உண்டு. வளைகுடா நாட்டுக்குச் சென்றவர்களின் கதையும் இதுவே. இருவரும் சேர்ந்து ஓர் இடத்தைப் பார்த்தது எப்போது என்று கேட்டால், உறவினர் திருமணங்களையும் மருத்துவமனைகளையும் தவிர வேறொன்றும் நினைவுக்கு வராது.

இப்படிப்பட்ட தம்பதிகள் சிலருடைய உள்ளத்தில் அண்மைக் காலமாக ஒரு புதிய ஆசை எழும்பியிருக்கிறது. அமெரிக்காவிலுள்ள மகனையோ மகளையோ பார்க்கச் சென்று வந்தவர்கள், அங்கே வயதான கணவனும் மனைவியும் ஒரு பெரிய வண்டியையே வீடாக்கிக்கொண்டு, ஆண்டு முழுவதும் தேசியப் பூங்காக்களைச் சுற்றிவருவதைக் கண்டு வியந்து திரும்புகிறார்கள். "நாமும் வீட்டை விற்று ஒரு வண்டி வாங்கி, இந்தியாவின் காடுகளையும் மலைகளையும் சுற்றிவந்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். இது சிரித்துத் தள்ளிவிட வேண்டிய கேள்வி அல்ல. கண்மூடிக்கொண்டு தலையாட்டிவிட வேண்டிய கேள்வியும் அல்ல. இம்மாதம் இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

சக்கரங்களின் மேல் ஒரு வீடு

அமெரிக்கர்கள் இந்த வண்டியைச் சுருக்கமாக ஆர்.வி. என்று அழைக்கிறார்கள். எஞ்சினோடு கூடிய பேருந்து போன்றதும் உண்டு. காரின் பின்னால் இழுத்துச் செல்லப்படுவதும் உண்டு. உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை, குளியலறை எல்லாம் அடங்கியிருக்கும். வண்டியின் அடியில் பெரும்பாலும் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு; ஒன்று பாத்திரம் கழுவிய, குளித்த நீருக்கு; மூன்றாவது கழிப்பறைக் கழிவுக்கு. முதலாவதை நிரப்புவதும் மற்ற இரண்டையும் அதற்கென்று ஏற்படுத்தப்பட்ட இடத்தில் காலி செய்வதும் இந்த வாழ்க்கையின் ஓயாத வேலைகள். அழகிய படங்களில் மலையும் ஏரியும் தெரியும்; கழிவுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர் அவற்றில் தெரிவதில்லை.

இந்த வாழ்க்கை அங்கே சாத்தியமாவதற்குக் காரணம் வண்டி மட்டுமல்ல. அதற்கு ஏற்ற ஏற்பாடுகள் நெடுங்காலமாக அந்நாட்டில் வளர்ந்திருக்கின்றன. உலகின் முதல் தேசியப் பூங்காவாகிய எல்லோஸ்டோன் 1872ஆம் ஆண்டு அங்கே ஏற்படுத்தப்பட்டது. இன்று 63 தேசியப் பூங்காக்கள் உள்ளன. அவற்றில் பலவற்றின் உள்ளேயே இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடங்கள் உண்டு. 62 வயது நிறைந்த அந்நாட்டவர் 80 டாலர் செலுத்தி ஆயுட்கால அனுமதிச் சீட்டு பெற்றுக்கொள்ளலாம். தங்குமிடங்களைப் பராமரிக்க உதவும் தம்பதிகளுக்கு, வண்டி நிறுத்தும் இடத்தைக் கட்டணமின்றிக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. ஆயினும் ஒரே இடத்தில் நிலையாய்த் தங்கிவிட முடியாது. பொது நிலங்களில் பொதுவாக 14 நாட்களே அனுமதி. அதன் பின் வண்டி நகர்ந்தாக வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, வேறு வழியின்றி வண்டியில் குடியேறிய முதியவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் என்னும் பத்திரிகையாளர் 2017இல் ஒரு நூல் எழுதினார். 'நோமேட்லேண்ட்' என்னும் அந்த நூல் 2020இல் திரைப்படமாகவும் வந்தது. பருவத்துக்கேற்ப ஊர் ஊராய்க் கூலி வேலை செய்து, இரவில் வண்டிக்குள் சுருண்டு படுப்பவர்களை அதில் காண்கிறோம். சாலையில் நாம் காணும் ஒவ்வொரு சக்கர வீடும் ஆனந்தத்தின் அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது. சிலருக்கு அது தெரிந்தெடுத்த வாழ்க்கை. சிலருக்கோ வீடு போனபின் மிஞ்சியிருந்த கூரை.

நம் நாட்டில் இது கூடுமா?

கேரள அரசு 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் 'கேரவன் கேரளா' என்னும் திட்டத்தை அறிவித்தது. இருவர் தங்கும் வண்டி, நால்வர் உள்ள குடும்பம் தங்கும் வண்டி என இரு வகை வண்டிகளுக்கும், அவற்றை நிறுத்துவதற்கான பூங்காக்களுக்கும் அது வழி செய்தது. முதல் கேரவன் பூங்கா 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் திறக்கப்பட்டது. ஆகவே, இந்த அனுபவத்தை அறிய விரும்புகிறவர்கள் வண்டியை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஓரிரு நாட்களுக்கு வாடகைக்கு எடுத்து, அதில் தங்கிப் பார்த்து, பிறகு தீர்மானிக்கலாம்.

சொந்தமாய் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளூர்ப் பட்டறையில் கொடுத்துக் கட்டிலும் அடுப்பும் பொருத்திக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்கள் மிகவும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். வண்டி தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக மாற்றப்பட்ட வாகனத்தைப் பதிவு செய்ய இயலாது என்று, கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில், பயணக் காணொலிகளால் பெயர் பெற்றிருந்த ஒரு வேனையே மோட்டார் வாகனத் துறை இந்தக் காரணத்துக்காகக் கைப்பற்றியது. முறையான அங்கீகாரம் பெற்றவர்கள் கட்டியதும், பதிவுச் சான்றிதழிலேயே கேரவன் என்று குறிக்கப்பட்டதுமான வண்டியே பாதுகாப்பானது. இல்லையென்றால் விபத்து நேரிடும் நாளில் காப்பீட்டுத் தொகையும் கைக்கு வராமல் போகலாம்.

பெரிய வண்டி இல்லாமலே நாடு சுற்றியவர்களும் உண்டு. திருச்சூரைச் சேர்ந்த ஹரிகிருஷ்ணன், லட்சுமி கிருஷ்ணா என்னும் இளம் தம்பதியர் 2020 அக்டோபரில் தங்கள் சொந்தக் காரிலேயே புறப்பட்டார்கள். பின் இருக்கையை மடக்கிப் படுக்கையாக்கி, கையோடு கொண்டுபோன அடுப்பில் சமைத்து, மாதக்கணக்கில் இந்தியாவைச் சுற்றிவந்தார்கள். இளமையும் உடல் வலிமையும் உள்ளவர்களுக்கு இது கூடும். அறுபது வயதைக் கடந்து, முழங்கால் வலியோடும் இன்சுலின் ஊசியோடும் வாழ்கிறவர்களுக்குக் காரின் பின்புறம் நல்ல படுக்கையாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வாசலில் நின்றுவிடும் வண்டி

இனி, பலரும் கவனிக்கத் தவறும் ஒரு காரியத்துக்கு வருவோம். தேசியப் பூங்கா என்பது பூச்செடிகள் வளர்க்கும் தோட்டம் அல்ல. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், காட்டுக்கும் அதன் ஜீவன்களுக்கும் மிக உயர்ந்த பாதுகாப்பு அளிக்கப்பட்ட இடம் அது. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936இல் இமயமலை அடிவாரத்தில் ஏற்படுத்தப்பட்டது. அதையே இன்று கார்பெட் பூங்கா என்று அழைக்கிறோம். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட தேசியப் பூங்காக்கள் நம் நாட்டில் உள்ளன. அமெரிக்காவில் நடப்பதுபோல், இவற்றின் உள்ளே நம் இஷ்டப்படி வண்டியை ஓட்டிச் சென்று, மரத்தடியில் நிறுத்தி, அடுப்பு மூட்டிச் சமைத்து, இரவு தங்குவதற்கு இடமில்லை.

மூணாறு அருகிலுள்ள இரவிகுளம் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மலைவெளி 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு இங்கே மிகுதியாய் வாழ்கிறது. சொந்த வண்டியில் வருகிறவர்கள் அதை வெளியே நிறுத்திவிட்டு, வனத்துறைப் பேருந்தில்தான் உள்ளே செல்ல வேண்டும். வரையாடு குட்டி ஈனும் காலமாகிய பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பொதுவாகப் பூங்கா மூடப்பட்டிருக்கும்.

பாலக்காடு மாவட்டத்திலுள்ள அமைதிப் பள்ளத்தாக்கும் அப்படியே. அணை கட்டும் திட்டத்துக்கு எதிராக மக்கள் எழுப்பிய குரலால் காப்பாற்றப்பட்டு, 1984இல் தேசியப் பூங்காவான இடம் அது. முக்காலி என்னும் இடத்திலிருந்து வனத்துறை ஏற்பாடு செய்யும் ஜீப்பில், வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம். தேக்கடியில் பெரியாறு ஏரியின் படகிலும், முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து புறப்படும் வனத்துறை வண்டியிலும் ஏறியே காட்டைப் பார்க்கிறோம். பந்திப்பூர்க் காட்டின் வழியாக மைசூரிலிருந்து ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் செல்லும் சாலைகளில், இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. 2009இல் தொடங்கிய தடை இது. யானையும் மானும் இரவில் சக்கரத்தடியில் சிக்கி மாண்டதே அதற்குக் காரணம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் செல்கிறவர்கள் முன்னதாகவே இ-பாஸ் பெறும் முறையும், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது.

இதன் பொருள் என்ன? பல இலட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய சக்கர வீடும் பூங்காவின் வாசலில் நின்றுவிடும். அங்கிருந்து உள்ளே போவது, அரசுப் பேருந்தில் வந்து இறங்கிய தம்பதி ஏறும் அதே வனத்துறை வண்டியில்தான். வரையாடு இருவருக்கும் ஒன்றுபோலவே தரிசனம் தரும்!

குறைந்த செலவில் சக்கர வீட்டின் அனுபவம் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருந்திருக்கிறது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம், ஓடி ஓய்ந்த பேருந்துகளுக்குள் படுக்கைகள் அமைத்து, 2020 நவம்பரில் மூணாறு டெப்போவில் பயணிகள் தங்கும் வசதியைத் தொடங்கியது. தொடக்கத்தில் ஓர் இரவுக்கு ஒருவருக்குக் கட்டணம் 100 ரூபாய் மட்டுமே. இதே கழகம் 2021 முதல் பல டெப்போக்களிலிருந்து குறைந்த கட்டணச் சுற்றுலாக்களையும் நடத்திவருகிறது. நம் பகுதியிலுள்ளவர்கள் அருகிலுள்ள டெப்போவில் விசாரித்தால், அந்தந்த மாதத்தின் பிரயாணங்களும் கட்டணமும் தெரியவரும்.

பிறந்த ஊரின் பின்னால் நிற்கும் காடு

அன்பானவர்களே, நாம் தூரத்தை நோக்கி ஏங்குகிறோம், அருகிலிருப்பதையோ பார்க்கவில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. தமிழ் பேசும் குடும்பங்கள் எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் பிரிந்து நின்றன. ஆனால் கிழக்கே நிற்கும் மலைக்கு அந்தக் கோடு தெரியாது. நெய்யாறு அகத்திய மலையில் பிறந்து, நெய்யாற்றின்கரையைக் கடந்து, பூவாறில் கடலோடு கலக்கிறது. அந்த ஆற்றின் நீரில் குளித்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் அது புறப்படும் காட்டைக் கண்டிருக்கிறார்கள்?

128 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் 1958ஆம் ஆண்டிலேயே ஏற்படுத்தப்பட்டது. அதை அடுத்துப் பேப்பாறை சரணாலயம் இருக்கிறது. மலைக்கு மறுபுறம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். தெற்கே 2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். இவை யாவும் தேசியப் பூங்கா என்னும் பெயர் பெறவில்லை. ஆனாலும், இவற்றையெல்லாம் உள்ளடக்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உலகம் தேடிவரும் இந்தக் காட்டின் விளிம்புக்கு, பாறசாலையிலிருந்து ஒரு காலை நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கணவன் மனைவி இருவருமாய்ச் செல்வதைப் பற்றிப் பேசுகையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூட உச்சிக்கு நெடுங்காலமாகப் பெண்களை அனுமதிக்கவில்லை. அதிருமலை முகாமோடு அவர்கள் நின்றுவிட வேண்டியிருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பாகுபாடு கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் தொடங்கிய மலையேற்றப் பருவத்தில் பெண்கள் முதல்முறையாக அனுமதி பெற்று உச்சிக்கு ஏறினார்கள். அதுவரைக்கும் மனைவியைப் பாதி வழியில் விட்டுவிட்டுக் கணவன் மாத்திரம் ஏறிய மலையில், இப்போது இருவரும் சேர்ந்து ஏறலாம். போணக்காட்டிலிருந்து தொடங்கும் இந்தப் பாதை கடினமானது; ஆண்டின் தொடக்க மாதங்களில் மட்டும், வனத்துறையிடம் முன்பதிவு செய்தவர்களுக்கே திறக்கப்படுகிறது. கால் வலிமை உள்ள நாட்களிலேயே செய்ய வேண்டிய பிரயாணம் இது. ஓய்வுக்குப் பிறகு என்று ஒத்திவைத்தால், மலை அங்கேயே இருக்கும், முழங்கால்தான் இருக்காது.

ஊருக்கு வர விடுமுறை கிடைக்காத பட்டணவாசிகளும் மனம் தளர வேண்டாம். மும்பையின் போரிவலியில் சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருக்கிறது. மின்சார ரயிலில் ஏறிச் சென்றே சிறுத்தைகள் வாழும் ஒரு காட்டின் வாசலை அடையலாம் என்பது உலகின் பெருநகரங்களில் அரிதான பாக்கியம். பெங்களூரில் உள்ளவர்களுக்கு பன்னேருகட்டா. ஐதராபாத்தில் இருப்பவர்களுக்கு ஊரின் நடுவிலேயே காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்கா. டெல்லிக்கு அருகே, பறவைகள் வந்து தங்கும் சுல்தான்பூர். சென்னையில் 2.7 சதுர கிலோமீட்டர் மட்டுமே கொண்ட கிண்டி தேசியப் பூங்கா. அதை ஒட்டிய சாலையில் தினமும் பேருந்தில் போய்வந்தும், உள்ளே புள்ளிமான் இருப்பதை அறியாமல் முப்பது ஆண்டுகள் கழித்தவர்கள் உண்டு. அங்குள்ள சிறுவர் பூங்காவுக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போதாவது, தாத்தாவும் பாட்டியும் ஓர் அரைமணி நேரம் மரநிழலில் அமர்ந்திருக்கலாம்.

தேநீர் விற்றவர்கள் கண்ட உலகம்

கொச்சி காந்தி நகரில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்னும் சிறு தேநீர்க் கடையை நடத்திவந்த விஜயன், மோகனா தம்பதியரைப் பலர் அறிந்திருப்பீர்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. சக்கர வீடும் இல்லை. வேலைக்கு ஆள் வைக்காமல் இருவருமே உழைத்து, கடை வருமானத்திலிருந்து தினந்தோறும் 300 ரூபாயை எடுத்து வைத்தார்கள். போதாததற்கு வங்கியில் கடன் வாங்கிப் பிரயாணம் சென்று, திரும்பிவந்து, மீண்டும் தேநீர் ஆற்றிக் கடனை அடைத்தார்கள். கடன் தீர்ந்ததும் அடுத்த நாட்டுக்கு ஆயத்தமானார்கள். 2007 முதல் 2021 வரைக்கும் அவர்கள் இருவருமாய்க் கண்ட நாடுகள் 25க்கும் அதிகம்.

2021 அக்டோபரில் அவர்கள் ரஷ்யாவுக்குச் சென்று திரும்பினார்கள். அடுத்த மாதமாகிய நவம்பரில் விஜயன் மாரடைப்பால் காலமானார்.

இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வாசியுங்கள். "கடையை மூடி ஓய்வெடுத்த பிறகு போகலாம்" என்று அவர் எண்ணியிருந்தால், அவர் மனைவியிடம் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பழைய கெண்டியும் நிறைவேறாத பேச்சுகளும்தான். கடன் வாங்கிப் பிரயாணம் போங்கள் என்று இதை வாசிக்கிற யாருக்கும் நாம் ஆலோசனை சொல்ல மாட்டோம். அடைக்கும் ஒழுங்கு இல்லாதவனுக்குக் கடன் கண்ணி. ஆனால் தினமும் ஒரு சிறு தொகையை எடுத்து வைக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். நாளொன்றுக்கு 50 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 18,250 ரூபாய். அதைக் கொண்டு ரயிலின் சாதாரணப் படுக்கை வகுப்பில் சென்று, எளிய விடுதியில் தங்கி, ஒரு தேசியப் பூங்காவை இருவர் பார்த்துத் திரும்பலாம்.

வண்டிக்கு முன்னால் மனம் ஆயத்தமாகட்டும்

சக்கர வீட்டில் கணவனும் மனைவியும் வசிக்கும் இடம் நம் வீட்டின் ஒரு சிறு அறையளவுதான். கோபித்துக்கொண்டு போய் உட்கார மறு அறை கிடையாது. பல ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்து, தொலைபேசியில் வீட்டுக் கணக்கை மட்டும் பேசிப் பழகியவர்கள், ஓய்வு பெற்ற மறுநாளே இருபத்துநான்கு மணி நேரமும் அந்தச் சிற்றிடத்தில் கூடியிருக்கப் புறப்பட்டால் என்னவாகும்? வழி தவறினால் யாருடைய குற்றம் என்று ஆரம்பிக்கும் வாக்குவாதம், முப்பது வருடப் பழங்கதையில் போய் முடியும். ஆகவே, ஒரே நாளில் தொடங்கி மாலையில் திரும்பும் பிரயாணம் முதலில் வரட்டும். பிறகு இரண்டு நாள், அதன் பிறகு ஒரு வாரம். எங்கே போவது என்பதை ஒருமுறை கணவன் சொல்லட்டும்; மறுமுறை மனைவி சொல்லட்டும்.

சகோதரர்களுக்கு இன்னொரு சொல். வண்டியில் அடுப்பு இருப்பதைப் பெருமையாய்ச் சொல்கிறோம். அந்த அடுப்பின் முன் நிற்பவர் யார்? வீட்டில் நாற்பது ஆண்டுகள் சமைத்தவரை அழைத்துச் சென்று, மலையடிவாரத்திலும் மரச்சீனி வேகவைக்கச் சொல்லி நிறுத்தினால், அது அவருக்குப் பிரயாணம் அல்ல; அடுக்களையின் இடமாற்றம் மட்டுமே. பிரயாணம் இருவருக்கும் ஓய்வாக வேண்டுமானால் வேலையும் இருவருக்கும் பொதுவாக வேண்டும். கூடாரம் பண்ணும் தொழிலைச் சேர்ந்தே செய்து, ஊர் விட்டு ஊர் சேர்ந்தே சென்ற ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதியரின் பெயர்கள் எப்போதும் இணைந்தே சொல்லப்படுவதை நாம் அறிவோம்.

ஊரிலுள்ள வீட்டை மட்டும் அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், வங்கிக் கணக்கு, ஓய்வூதியர் ஆண்டுதோறும் கொடுக்கும் வாழ்வுச் சான்றிதழ் என ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு விலாசம் தேவைப்படுகிறது. அதைவிட முக்கியமாக, இருவரில் ஒருவர் நோயுற்றால் திரும்பிவந்து படுக்க ஓர் இடம் வேண்டும். அண்டை வீட்டார் வேண்டும். சபையார் வந்து விசாரிக்கும் திண்ணை வேண்டும். அமெரிக்காவில் வீட்டை விற்றுச் சாலையிலேயே குடியிருந்தவர்களும், முதுமை மிஞ்சும்போதோ துணையை இழக்கும்போதோ எங்கே நிலைகொள்வது என்னும் கேள்வியை எதிர்கொள்ளவே செய்கிறார்கள்.

காட்டுக்குள் செல்லும்போது சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுபோகாதீர்கள். குரங்குக்கும் மானுக்கும் உணவு கொடுக்காதீர்கள். அது இரக்கம் அல்ல, அவற்றுக்குத் தீங்கு. சத்தமாய்ப் பாட்டுப் போடாதீர்கள். அன்றாடம் உட்கொள்ளும் மருந்தைத் தேவைக்குமேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். கட்டணமும் மூடப்படும் நாட்களும் மாறிக்கொண்டேயிருப்பதால், புறப்படுமுன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிரியமானவர்களே, சக்கர வீடு நல்லதா, கெட்டதா என்பது பெரிய கேள்வி அல்ல. வசதியும் சுகமும் உள்ளவர்கள் வாடகைக்கு எடுத்து அனுபவிக்கட்டும், அதில் குற்றமில்லை. பெரிய கேள்வி வேறு. நம்மோடு வாழ்க்கைப் பாரத்தைச் சுமந்த துணையோடு, பாரமில்லாத ஒரு நாளை எப்போது கழிக்கப்போகிறோம்? வீடு கட்டத் திட்டமிட்டோம். பிள்ளைகளைக் கரையேற்றத் திட்டமிட்டோம். இந்த ஒரு காரியத்தை மட்டும் காலத்தின் கையில் விட்டுவிட்டோம். காலமோ யாருக்கும் தவணை கொடுப்பதில்லை.

இந்த இதழை மூடி வைக்குமுன் நாள்காட்டியை எடுங்கள். கணவனும் மனைவியுமாய் அமர்ந்து, வருகிற இரண்டு மாதங்களுக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். நெய்யாறு அணையாக இருக்கட்டும், போரிவலியாக இருக்கட்டும், கிண்டியாகத்தான் இருக்கட்டும். பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள்: அந்த நாளில் அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்று.

அடுத்த இதழில் சந்திப்போம்.